நிழலின் பாதையில் போய் நிற்பது எப்படி?

முழுச் சூரிய கிரகணத்தின்போது, சூரியனில் 99 விழுக்காடு மட்டும் மறைகிற ஊரில் இருப்பவர்கள், "இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாமே, இன்னும் 40 கிலோமீட்டர் போவானேன்?" என்று கேட்பதுண்டு. கட்டாயம் போக வேண்டும். சூரியனைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய வெளி வளிமண்டலமான கரோனாவின் மொத்த ஒளி, சூரிய வட்டின் ஒளியில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். முழுநிலவின் ஒளி அளவுக்குத்தான் வரும். மறையாமல் மிஞ்சும் அந்த ஒரு விழுக்காடு வட்டோ கரோனாவைவிடப் பத்தாயிரம் மடங்கு பிரகாசமானது. அது இருக்கும்வரை வானம் இருளாது, கரோனா தெரியாது, பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றவும் முடியாது. பகுதிக் கிரகணம் எவ்வளவு ஆழமானாலும் முழுக் கிரகணத்தின் சாயலைக்கூடக் காட்டுவதில்லை.

ஆகவே பயணத் திட்டத்தில் எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று, நிலவு சூரியனை முழுதாக மறைக்கும் இடத்தில் விழும் கருநிழல் செல்லும் பாதைக்குள் இருப்பது. மற்றதையெல்லாம், முழு மறைவு நீடிக்கும் நேரம் உட்பட, தெளிந்த வானத்துக்காக விட்டுக்கொடுக்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வரைபடத்தில் அதிக வினாடிகள் எங்கே என்று பார்த்து அங்கே அறை எடுத்துவிட்டு, மேகத்தின் கீழ் மாட்டிக்கொள்கிறார்கள்.

நிழலின் கணக்கு எளிமையானது. நிலவின் விட்டம் 3,474 கி.மீ. சூரியனின் விட்டம் அதைப்போல் சுமார் 400 மடங்கு. தூரமும் சுமார் 400 மடங்கு. அதனால் இரண்டும் வானத்தில் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலவுக்குப் பின்னால் கூம்பாக நீளும் கருநிழலின் நீளம் சராசரியாக 3,74,000 கி.மீ.; நிலவின் சராசரித் தூரமோ 3,84,400 கி.மீ. அதாவது சராசரி நிலையில் கூம்பின் நுனி பூமியைத் தொடாது, சூரியனின் விளிம்பு வளையமாக மிஞ்சும் வளைய கிரகணம்தான் நிகழும். நிலவு பூமிக்கு அருகே வரும் நாட்களில் மட்டுமே நுனி தரையைத் தொடுகிறது. சூரியன் உயரத்தில் இருக்கும்போது அப்படி விழும் நிழலின் அகலம் 270 கி.மீ.யைத் தாண்டாது. அடிவானத்தை ஒட்டிய சூரியன் என்றால் நிழல் சாய்வாக விழுந்து நீள்வட்டமாக இழுபடும்.

அந்த நிழல் கிழக்கு நோக்கி மணிக்குச் சுமார் 3,400 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. பூமியும் அதே திசையில் சுழல்வதால், நிலநடுக்கோட்டுப் பகுதியில் நிற்பவரை அது மணிக்கு 1,700 கி.மீ. அளவில் கடக்கிறது. நிழல் மெதுவாகக் கடக்கும் இந்த இடங்களில்தான் மறைவு நீளமாக இருக்கும். எல்லாம் ஒத்துவந்தாலும் ஏழரை நிமிடம்தான் உச்சம். 1973 ஜூன் 30 அன்று ஆப்பிரிக்காவின் மேல் ஒரு கான்கார்டு விமானம் ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் நிழலோடு சேர்ந்து பறந்து, உள்ளிருந்த ஆய்வாளர்களுக்கு 74 நிமிட முழு மறைவைக் கொடுத்தது. தரையில் நின்றவர்களுக்கு அதே கிரகணம் அதிகபட்சம் 7 நிமிடம் 4 வினாடி.

அந்தக் கிரகணத்தின் குடும்பம் இன்னும் தொடர்கிறது. 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை சூரியன், நிலவு, பூமி மூன்றும் ஏறக்குறைய அதே அமைப்புக்குத் திரும்புகின்றன. சாரோஸ் சுழற்சி என்பது இதுதான். 1973, 1991, 2009, 2027 ஆகிய நான்கும் ஒரே வரிசை. முழு மறைவின் உச்ச நேரம் (நிமிடம்:வினாடி) 7:04, 6:53, 6:39, 6:23 என்று படிப்படியாகக் குறைந்து வருகிறது. அந்த எட்டு மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுழன்றுவிடுவதால், ஒவ்வொரு முறையும் பாதை சுமார் 120 டிகிரி மேற்கே நகர்கிறது. 2009 ஜூலை 22 அன்று இந்தியா, சீனா வழியாகப் போன நிழல், 2027 ஆகஸ்ட் 2 அன்று தெற்கு ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, அரேபியா வழியாகப் போகிறது. 2009ஆம் ஆண்டுக் கிரகணம் இந்த நூற்றாண்டிலேயே நீளமானது. ஆனால் பாதை பருவமழை மேகங்களுக்கு அடியில் கிடந்தது. ஷாங்காயில் மழையே பெய்தது. நேரத்தின் நீளத்தை மட்டும் நம்பிப் போவது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

பாதையின் நடுக்கோட்டைப் பற்றிய கவலையும் தேவைக்கு மீறியது. கருநிழல் ஏறத்தாழ வட்டம். நாம் நிற்கும் இடத்தின் மேல் அது ஒரு நாண் வரைந்து கடக்கிறது. வட்டத்தில் நாணின் நீளம் நடுவிலிருந்து விலகும்போது முதலில் மெதுவாகத்தான் குறையும். பாதையின் பாதி அகலம் 100 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுக்கோட்டிலிருந்து 50 கி.மீ. விலகினாலும் நேரத்தில் 87 விழுக்காடு கிடைத்துவிடும். 80 கி.மீ. விலகினால் 60 விழுக்காடு. 95 கி.மீ. என்றால்தான் 31 விழுக்காடாகச் சரிகிறது. நான்கு நிமிடக் கிரகணத்தில் 50 கி.மீ. விலகலுக்கான விலை அரை நிமிடத்துக்கும் சற்று மேல். மேகமில்லாத வானத்துக்கு அது மலிவு.

பாதையின் ஓரத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நிலவின் விளிம்பு வழவழப்பான வட்டமாக இல்லை. மலைகளும் பள்ளத்தாக்குகளும் உள்ளன. வரைபடத்து எல்லைக்கோடு பெரும்பாலும் வழவழப்பான விளிம்பை வைத்துப் போட்டது. எந்தப் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து உண்மையான எல்லை கொஞ்சம் நகரும். சூரியன் தாழ்வாக இருந்தால் நிற்கும் இடத்தின் உயரமும் கணக்கை மாற்றும். கோட்டுக்கு உள்ளே குறைந்தது ஐந்து கிலோமீட்டராவது போய்விடுங்கள். நிலவின் பள்ளங்கள் வழியே விளிம்பில் நீண்ட நேரம் ஒளிமுத்துகளாக மின்னும் பெய்லி மணிகளுக்காகவே ஓரத்தைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் அது முதல் கிரகணத்துக்கு ஏற்றதல்ல.

இனி வானிலை. முதல் கட்டம், ஓராண்டுக்கு முன்பே செய்வது: பல ஆண்டுச் செயற்கைக்கோள் பதிவுகளிலிருந்து, அந்த மாதத்தில், அந்த மணி நேரத்தில் பாதையின் எந்தப் பகுதியில் மேகம் குறைவு என்று பார்ப்பது. நாள் முழுவதற்குமான சராசரி போதாது. காலையில் தெளிவாக இருந்து மாலையில் மேகம் திரளும் ஊர்கள் ஏராளம். ஆனால் சராசரி என்பது ஒரு குறிப்பிட்ட நாளுக்கு வாக்குறுதி தராது. 2024 ஏப்ரல் 8 அன்று புள்ளிவிவரம் அமெரிக்காவின் டெக்சஸைக் கைகாட்டியது, வடகிழக்கு மூலையை ஒதுக்கியது. அன்று டெக்சஸின் பெரும்பகுதியில் மேகம். வெர்மான்ட், மெய்ன் மாநிலங்களில் நல்ல வானம்.

எனவே தங்குமிடத்தைச் சாலைகள் பிரியும் ஊரில் எடுங்கள். பாதையின் நீளவாக்கில் இரு பக்கமும் 200, 300 கி.மீ. போகக்கூடிய வழி இருக்க வேண்டும். மலைக்கு இருபுறமும் வானிலை மாறுவதால், ஒரு மலைத்தொடரைக் கடக்கும் சாலை இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து நாள் முன்பிருந்து கணிப்புகளைப் பாருங்கள். ஆனால் இரண்டு நாளுக்கு முன் முடிவெடுக்காதீர்கள். வெவ்வேறு கணிப்பு மாதிரிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. முந்தைய மாலையில் ஊரை முடிவு செய்து, அதிகாலையில் புறப்பட்டு, கடைசி நான்கு மணி நேரம் செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்புங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் ஓடுவது பெரும்பாலும் வீண். சாலை நெரிசல் அதற்கு இடம் தராது.

மேகத்தின் வகையும் முக்கியம். வெயிலில் தரை சூடாகித் திரளும் பஞ்சு மேகங்கள், சூரியன் மறைய மறையத் தரை குளிர்வதால் தாமாகவே கரையக்கூடும். அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம். தட்டையாகப் பரவிய தாழ்மேகமும் கடல் மூடுபனியும் கரையாது, குளிர்ச்சியில் தடிக்கவும் செய்யலாம். அவற்றிலிருந்து விலகியே ஆக வேண்டும். மிக உயரத்தில் இருக்கும் மெல்லிய மேகத்தின் ஊடாக உள் கரோனா தெரியும். வெளிப்புற இழைகள்தான் போய்விடும்.

சூரியன் தாழ்வாக இருக்கும் கிரகணத்தில் வேறொரு கணக்கும் உண்டு. 2026 ஆகஸ்ட் 12இன் பாதை கிரீன்லாந்து, ஐஸ்லாந்தைத் தாண்டி மாலை எட்டரை மணியளவில் ஸ்பெயினைக் கடக்கிறது. மாட்ரிட், பார்சிலோனா இரண்டும் பாதைக்குச் சற்றே வெளியே. வடமேற்குக் கரையில் சூரியனின் உயரம் சுமார் 12 டிகிரி, வலென்சியாவில் 4 முதல் 5 டிகிரி, பால்மாவில் வெறும் இரண்டரை டிகிரி. 10 டிகிரி உயரச் சூரியனை 100 மீட்டர் குன்று 570 மீட்டர் தொலைவிலிருந்தே மறைத்துவிடும். 4 டிகிரி என்றால் 1.4 கி.மீ. தொலைவிலிருந்து. 10 கி.மீ. உயரம் எழும்பிய இடிமேகமோ 140 கி.மீ. தள்ளி நின்றாலும் 4 டிகிரிச் சூரியனை மூடும். தலைக்கு மேல் நீலமாக இருப்பதால் ஒரு பயனும் இல்லை. சூரியன் இருக்கும் திசையில் 150 கி.மீ. வரை செயற்கைக்கோள் படத்தைப் பார்க்க வேண்டும். இடத்தை முந்தைய நாள் அதே மணிக்கு நேரில் போய்ப் பார்ப்பது மிக நல்லது. சூரியன் அப்போது ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கும்.

2027 இதற்கு நேர்மாறு. எகிப்தின் லக்சர் அருகே சூரியன் கிட்டத்தட்ட உச்சியில், ஆறு நிமிடத்துக்கு மேல் மறைவு, மேகத்துக்கு மிகக் குறைந்த வாய்ப்பு. அங்கே எதிரி வெப்பம். ஆகஸ்ட் நண்பகலில் 40 டிகிரியைத் தாண்டும். பகுதிக் கட்டம் முழு மறைவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீள்வதால், நிழலும் தண்ணீரும் முன்கூட்டியே ஏற்பாடாகியிருக்க வேண்டும். தலையை நிமிர்த்திப் பார்க்கக் கழுத்து வலிக்கும். சாய்வு நாற்காலியோ பாயோ கொண்டுபோங்கள்.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் விட்டுவிடாமல். விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு இல்லை; சுட்டாலும் அந்த நேரத்தில் தெரியாது. கண்ணாடி ஐஎஸ்ஓ 12312-2 என்ற பன்னாட்டுத் தரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தரத்தில் 0.0032 விழுக்காட்டுக்கு மேல் ஒளி ஊடுருவக் கூடாது. போட்டுக்கொண்டு வீட்டுக்குள் பார்த்தால் சாதாரண விளக்குகள் ஏறக்குறைய எதுவும் தெரியக் கூடாது. கீறலோ ஊசித் துளையோ இருந்தால் வெட்டி எறிந்துவிடுங்கள். எக்ஸ்ரே பிலிம், குறுந்தட்டு, புகை பிடித்த கண்ணாடி எதுவும் உதவாது. கிரகணக் கண்ணாடி போட்டபடி பைனாகுலரில் பார்ப்பது மிக ஆபத்தானது: குவிந்த ஒளி கண்ணாடியைச் சுட்டுத் துளைத்துவிடும். வடிகட்டி எப்போதும் பைனாகுலரின் முன்பக்கம்தான் இருக்க வேண்டும்.

கடைசிப் பதினைந்து நிமிடங்களில்தான் எல்லாம் நெருங்கி வருகிறது. வெளிச்சம் ஈயம் போல வெளிறி, நிழல்களின் ஒரு பக்க விளிம்பு கத்தி முனையாகக் கூராகும். காற்று குளிரும். ஒரு வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து வையுங்கள். முழு மறைவுக்கு ஓரிரு நிமிடம் முன்பு அதன் மேல் மங்கலான வரிகள் நெளிந்து ஓடலாம். கீற்றாகிவிட்ட சூரியனின் ஒளியை வளிமண்டலக் கொந்தளிப்பு வளைப்பதால் தோன்றும் நிழல் பட்டைகள் அவை. எல்லா முறையும் தெரியாது. பிறகு பெய்லி மணிகள், கடைசியாக ஒரே ஒளிப்புள்ளி மின்னும் வைர மோதிரம். கண்ணாடி வழியே எதுவுமே தெரியாத நொடியில்தான் அதைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் கரோனாவை வெறும் கண்ணால் பாருங்கள், பிறகு வடிகட்டியில்லாப் பைனாகுலரில். விளிம்பில் இளஞ்சிவப்பாகத் தெரிவது, சூரியப் பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கான நிறக்கோளமும் அதிலிருந்து எழும் சுடர்களும். ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் உமிழும் ஒளி. கரோனாவின் வடிவம் சூரியனின் செயல்பாடு கூடிக் குறையும் சுழற்சியைப் பொறுத்தது: உச்சத்தில் இழைகள் எல்லாத் திசையிலும் பரவும், தணிவுக் காலத்தில் சூரியனின் நடுக்கோட்டுப் பக்கம் நீண்டு துருவங்களில் குட்டை மயிர்போல நிற்கும். பத்து வினாடியாவது கீழே பார்வையைத் திருப்பி அடிவானத்தையும் பாருங்கள். நாலாபுறமும் அந்தி நிறம்.

எந்தப் பக்கம் சூரியன் முதலில் கடிபட்டதோ அதே பக்கம்தான் மீண்டும் வெளிப்படும். அங்கே இளஞ்சிவப்புக் கோடு தடிக்கத் தொடங்கினால் சில வினாடிகளே மிச்சம். பைனாகுலரை உடனே இறக்குங்கள். முடிவுக்கு 20 வினாடி முன்பு ஒலிக்கும்படி ஓர் அலாரம் வைப்பது நல்லது. நேரத்தை நிற்கும் இடத்துக்கே கணக்கிடுங்கள். நிழல் வினாடிக்கு அரை கிலோமீட்டராவது ஓடுவதால், கடைசி நேரத்தில் 30 கி.மீ. இடம் மாறினாலே கணக்கு ஒரு நிமிடம் வரை பிசகலாம்.

படம் எடுப்பதானால்: கேமரா உணரியில் சூரியனின் விட்டம், லென்ஸின் குவியத் தூரத்தில் 109இல் ஒரு பங்கு. 500 மி.மீ. லென்ஸில் 4.6 மி.மீ. கரோனா பரவ இடம் வேண்டுமென்பதால் முழுச்சட்டக் கேமராவுக்கு 400 முதல் 500 போதும். உணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப்/8 என்றால் திறப்பு நேரம் சுடர்களுக்கு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, உள் கரோனாவுக்கு இருநூறில் ஒரு பங்கு, சூரியனின் ஆரம் அளவுக்கு வெளியே உள்ள கரோனாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. வெவ்வேறு திறப்பு நேரங்களில் அடுக்கடுக்காக எடுப்பது இதனால்தான். எந்தத் தனிப் படமும் கண் பார்ப்பதை முழுதாகப் பிடிக்காது. சூரியனைத் தொடர்ந்து நகரும் தாங்கி இல்லாவிட்டால் கால் வினாடிக்கு மேல் திறக்காதீர்கள். 500 மி.மீ.யில் ஒரு வினாடிக்குள் பிம்பம் 0.036 மி.மீ. நகர்ந்து பல படப்புள்ளிகளுக்குக் கலங்கிவிடும். தானியங்கிக் குவியம் இருட்டில் தடுமாறும். பகுதிக் கட்டத்தில் கையால் சரிசெய்து, ஒட்டுநாடாவால் நிறுத்தி, குளிர்ந்த பிறகு ஒருமுறை சரிபாருங்கள். அதிகம் நடக்கும் பிழை, வடிகட்டியைக் கழற்ற மறந்து கறுப்புப் படங்களை எடுப்பது. அடுத்தது, மறைவு முடிந்ததும் மாட்ட மறந்து உணரியைக் கெடுப்பது. இரண்டு வாரம் முன்பு வரும் முழுநிலவில் ஒத்திகை பாருங்கள். அளவும் வெளிச்சமும் ஏறத்தாழ ஒன்றே. முதல் முறை பார்ப்பவர் கைபேசியை அகலக் கோணத்தில் முக்காலியில் நிறுத்தி, ஐந்து நிமிடம் முன்பே காணொளியை ஓடவிட்டு, பிறகு தொடாமலிருப்பதே சிறந்தது.

திரும்பும் வழிதான் பலரும் திட்டமிடாதது. வருகிறவர்கள் சில நாட்களில் பிரிந்து வருகிறார்கள். போகிறவர்கள் எல்லாரும் ஒரே பத்து நிமிடத்தில் வண்டியைக் கிளப்புகிறார்கள். 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவில் சில மணி நேரப் பயணங்கள் பல மடங்காக நீண்டன. எரிபொருளை முந்தைய நாளே நிரப்பிவிடுங்கள். வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வையுங்கள், கூட்டத்தில் அலைவரிசை படுத்துவிடும். அன்றிரவு விமானம் பிடிக்கும் திட்டம் வேண்டாம். நிலவு சூரியனை விட்டு முழுதாக விலகும் கடைசித் தொடுகை வரை பகுதிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, முடிந்தால் அங்கேயே இரவு தங்கி, மறுநாள் காலையில் புறப்படுங்கள்.