கறுப்பு மண் பொசுபரசைப் பிடித்துவைக்காது

இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக, கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெல சதுப்பு நில ஓரத்தில் வடிகால் வெட்டிய காணியொன்றின் கறுப்பு மண்ணை எடுத்துவந்த ஒருவர், "பொசுபரசு மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், மழைக்குக் கழுவுப்படாது, அதனால்தான் கொஞ்சம் கூடவே போட்டேன் சேர்" என்று ஆய்வுகூடத்தில் என்னிடம் சொன்னார். கீரைப் பாத்தியில் பலன் தெரியவில்லை என்றும், பக்கத்து வாய்க்கால் பச்சைப் பாசியால் மூடிக்கிடக்கிறது என்றும் அவரே சொன்னார்.

ஹோமாகம, அவிசாவளைப் பக்கத்துச் செம்மண்ணில் அவர் சொன்னது உண்மைதான். அங்கே நிறைந்திருக்கும் இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகள், இட்ட பொசுபேற்றைப் பயிருக்குக்கூடக் கிடைக்காத அளவுக்கு இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் அவர் கொண்டுவந்த கறுப்பு மண், பீட் எனப்படும் முற்றா நிலக்கரி மண்; அது நீரில் கிடந்து பாதி உக்கிய தாவரங்களால் ஆனது. அதில் கனிமங்கள் குறைவு, ஆகவே பிடிமானமும் குறைவு. இயல்பான பீட் மண்ணில் பொசுபரசின் பெரும்பங்கு தாவர எச்சங்களோடு பிணைந்த சேதன வடிவில் இருக்கிறது. அதன்மேல் நாம் கொட்டும் டீ.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளையோ கரைந்து, அடுத்த பெருமழையோடு வாய்க்காலுக்குப் போய்விடுகிறது. செம்மண்ணுக்குரிய விதியைக் கறுப்பு மண்ணுக்கும் சொல்பவர்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். கறுப்பு நிறம் அங்கே சேதனப் பொருள் மிகுந்திருப்பதை மட்டுமே காட்டுகிறது.

வடிகால் வெட்டிக் காற்றுப் படவிட்டால் உக்கல் விரைவாகி, சேதனப் பொசுபரசு, நீரில் கரையக்கூடிய அசேதன வடிவுக்கு மாறுகிறது. அதில் ஒரு பங்கை மண்ணிலுள்ள இரும்பு பிடிக்கிறது. வெள்ளம் வந்து மண் வாரக்கணக்கில் மூழ்கினால் அந்த இரும்பும் பிடியை விடுகிறது. கடல்நீர் ஏறும் இடங்களில், சல்பேற்றிலிருந்து உண்டாகும் சல்பைட்டு இரும்பைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதால் நிலைமை இன்னும் மோசமாகிறது. சீமெந்து இடிபாடு கொட்டி நிரப்பிய காணியிலோ கல்சியத்தோடு சேர்ந்த பங்கு கூடுகிறது. ஆகவே "மொத்தப் பொசுபரசு" என்ற ஒற்றை எண்ணை வைத்துப் பசளை அளவைத் தீர்மானிக்க முடியாது. (என் துறையினருக்கு ஒரு வார்த்தை: ஒரு லீற்றர் பீட் மண், உலர்ந்தால் பெரும்பாலும் 100 முதல் 300 கிராம்தான் இருக்கும்; சாதாரண மண் ஒரு கிலோவைத் தாண்டும். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று மட்டும் எழுதிக்கொடுத்தால், பாத்தியில் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கிறது என்று விவசாயி ஏமாந்துபோவார்.)

மழை தொடங்கும் வாரத்தில் பசளை இடாதீர்கள். இடவேண்டியதைச் சிறு அளவுகளாகப் பிரித்து இடுங்கள். வாய்க்கால் விளிம்புவரை பாத்தி கட்டாதீர்கள். புதிதாக வடிகால் ஆழப்படுத்த நினைப்பவர்கள் அதற்கு முன் ஒருமுறை எங்களிடம் கேட்டுவிடும்படி மன்றாடுகிறேன். மாதிரி எடுத்தால் வெயிலில் காயவைக்காமல், ஈரம் போகாதபடி பையில் இறுகக் கட்டி, அன்றைக்கே கொண்டுவாருங்கள். காய்ந்த பீட் மண்ணில் பொசுபரசின் வடிவங்கள் மாறிவிடுவதால், அதை அளந்து நாங்கள் தரும் அறிக்கை உங்கள் காணிக்குப் பொருந்தாது.