ஒளி மீட்டர் மாங்காயின் முதிர்ச்சியைச் சொல்லும், கார்பைடைச் சொல்லாது

மாம்பழப் பருவம் தொடங்கினால் போதும், "பழத்து மேல வச்சா கல்லு வச்சதா இல்லையான்னு காட்டுமாமே, அந்த மெஷின் எங்க கிடைக்கும்?" என்ற கேள்வியும் வந்துவிடும். பழத்தின் மேல் ஒளி பாய்ச்சி அளக்கும் கையடக்க அகச்சிவப்பு மீட்டர், கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததா என்பதைக் காட்டாது. காட்டும் என்று சொல்லி விற்பவரிடம் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள்.

பழத்தில் ஏராளமாக இருக்கும் நீர், சர்க்கரை, மாவுச்சத்து ஆகியவற்றைத்தான் இந்த ஒளி அளக்கும். பொதுவாக எடையில் 0.1 சதவீதத்துக்குக் குறைவான பொருள் அதற்குப் பிடிபடாது. 0.1 சதவீதம் என்பதே கிலோவுக்கு 1000 மில்லிகிராம். பூச்சிமருந்து எச்சமோ, கார்பைடு கல்லோடு வரும் ஆர்சனிக்கோ கிலோவுக்குச் சில மில்லிகிராம், பல சமயம் அதைவிடவும் குறைவு. அதற்கு ஆய்வகம்தான் போக வேண்டும். கல்லிலிருந்து வரும் அசிட்டிலீனும், அரசு அனுமதித்த எத்திலீனும் பழத்தை மஞ்சளாக்குகின்றன. மீட்டருக்குத் தெரிவது அந்த நிறமும் சதையும்தான். எந்த வாயு அதைச் செய்தது என்று அது சொல்லாது.

இது உண்மையில் உதவும் இடம் அறுவடை. பச்சைக் காயில் பிரிக்ஸ், அதாவது சாற்றின் இனிப்பு அளவு, பார்ப்பது வீண், ஏனென்றால் இனிப்பு அப்போது மாவுச்சத்தாக இருக்கிறது. உலர்பொருள் சதவீதத்தை, அதாவது நீர் போக மிஞ்சும் எடையின் பங்கைப் பாருங்கள். அது கூடுதலாக இருந்தால் பழுத்தபின் இனிப்பும் கூடும். ஆஸ்திரேலியாவில் கென்சிங்டன் பிரைட் ரகத்துக்கு 15 சதவீதம் வந்தபின் பறிக்கச் சொல்கிறார்கள். அந்த எண்ணை அப்படியே பங்கனப்பள்ளிக்கோ பெங்களூராவுக்கோ பொருத்தாதீர்கள். ரகம் மாறினால் வரம்பு மாறும், ஒளியை உலர்பொருள் எண்ணாக மாற்றும், மீட்டருக்குள் இருக்கும் கணக்கும் மாற வேண்டும். நீங்கள் காசு கொடுப்பதே அந்தக் கணக்குக்குத்தான்.

ஆகவே வாங்குமுன் உங்கள் தோட்டத்துக் காயிலேயே சோதியுங்கள். பிஞ்சும் முற்றலுமாகக் கலந்து 30 காய் எடுங்கள். காம்புக்கும் நுனிக்கும் நடுவே, இரு கன்னத்திலும் பேனாவால் வட்டமிட்டு அங்கேயே அளவெடுங்கள். பிறகு அதே வட்டத்தில் தோலைச் சீவி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சதையை வெட்டி எடை போடுங்கள். 65 டிகிரி அடுப்பில், எடை குறைவது நிற்கும் வரை, ஏறத்தாழ இரண்டு நாள் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். உலர்ந்த எடை முதல் எடையில் எத்தனை சதவீதம் என்று பார்த்து, மீட்டர் காட்டிய எண்ணோடு ஒப்பிடுங்கள். மீட்டர் எல்லாக் காயிலும் ஒரே திசையில் தவறினால் ஒரு எண்ணைக் கூட்டியோ கழித்தோ திருத்திக்கொள்ளலாம். அங்குமிங்கும் சிதறினால் அந்தக் கணக்கு உங்கள் ரகத்துக்கு ஆகாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விற்பவர் காட்டும் 0.9 என்ற ஆர்-ஸ்கொயரில் (மீட்டர் எண் உண்மை அளவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) மயங்க வேண்டாம். சென்ற ஆண்டுக் காயில் வந்த எண் இந்த ஆண்டுக் காய்க்குப் பொருந்தும் என்று உறுதியில்லை.

அளக்கும்போது நடக்கும் தவறுகளில் முதலாவது வெப்பம். குளிர்கிடங்கிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் எண் நகர்ந்துவிடும், ஏனெனில் நீர் ஒளியை உறிஞ்சும் அலைநீளம் வெப்பத்தோடு மாறுகிறது. காய் அறைவெப்பத்துக்கு வரட்டும், வியர்த்திருந்தால் துடையுங்கள். வெயிலில் நின்று அளக்கும்போது சென்சாரைச் சுற்றி இடைவெளி விழுந்தால் சூரிய ஒளி உள்ளே புகும். பால் வடிந்த இடம், வெயில் சுட்ட கன்னம் இரண்டையும் தவிருங்கள். மீட்டரைச் சரிபார்த்துக்கொள்ள உதவும் வெள்ளைத் தகட்டில் பால்பிசின் ஒட்டியிருந்தால் அன்றைய அளவு முழுவதும் கெட்டுப்போகும்.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஒளி சதைக்குள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் போகும். கொட்டைக்குள் இருக்கும் வண்டை இது காட்டாது. அதற்கு மாதிரிக் காய்களைப் பிளந்து பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.