காராங்கூனியிடம் கொடுக்குமுன்: கரி இஸ்திரிப்பெட்டிக்கு விலை பார்ப்பது எப்படி

பெரியவர்கள் காலமான பிறகு சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்யும்போது, ஸ்டோர் ரூமின் கடைசி மூலையிலிருந்து கரி இஸ்திரிப்பெட்டி ஒன்று வெளியே வருவதுண்டு. பித்தளை என்றால் கனக்கும், பச்சைக் களிம்பு பூத்திருக்கும். இரும்பு என்றால் துரு உதிரும். அடுத்த சில நாள்களில் வீட்டார் எடுக்கும் முடிவுதான் அதன் விலையைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் அது தவறான முடிவாகவே போய்விடுகிறது. ஒன்று, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென ஆக்குகிறார்கள். இல்லையென்றால் எடை போட்டு, வீடு வீடாக வந்து பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் புளியைப் பற்றி. குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்கும் செய்தால் என்ன என்று தோன்றும். குத்துவிளக்கு வாரந்தோறும் துலக்கப்படுவது. பல பத்தாண்டுகள் கைபடாமல் கிடந்த பித்தளையின் மேல் பழுப்பும் கருமையும் கலந்த ஒரு படலம் மெல்ல மெல்ல உருவாகியிருக்கும். பொருள் உண்மையிலேயே பழையது என்பதற்கு அந்தப் படலமே சாட்சி. புளியின் அமிலம் அதை ஒரே மணி நேரத்தில் கரைத்துவிடும். நீண்ட நேரம் ஊறவிட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகமும் கரைந்து, செம்பு நிறத் திட்டுகள் மேலெழும். பிறகு என்ன செய்தாலும் அந்த நிறம் சீராகாது. அமோனியா கலந்த துலக்கும் திரவங்கள் இன்னும் மோசம். அழுத்தத்தில் இருக்கும் பழைய பித்தளைத் தகட்டில் மயிரிழை விரிசலையே உண்டாக்கக்கூடியவை அவை. கம்பி பிரஷ், உப்புத்தாள், எலக்ட்ரோபிளேட்டிங் எதுவும் வேண்டாம்.

செய்யக்கூடியது இவ்வளவுதான்: உள்ளே கிடக்கும் சாம்பலையும் கரித்துண்டுகளையும் கொட்டுங்கள். மென்மையான பெயின்ட் பிரஷால் தூசி தட்டுங்கள், உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். துரு உதிரும் இரும்புப் பெட்டியானால் மெல்லிய எண்ணெய் சில சொட்டு துணியில் விட்டு ஒருமுறை தடவலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் அதைக் குளியலறைக்குப் பக்கத்திலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினாலும் உள்ளே ஈரம் தங்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு அட்டைப்பெட்டியில் வையுங்கள்.

இனி, கையிலிருப்பது என்ன என்று பார்ப்போம். சிங்கப்பூர் வீடுகளில் பொதுவாகக் கிடைப்பவை சில வகைகளே. மூடியின் முன்புறக் கொண்டி சேவல் வடிவில் இருந்தால், அது மலாய், இந்தோனேசிய, சீன வீடுகளில் பரவலாகப் பயன்பட்ட வகை. பித்தளையிலும் இரும்பிலும் வந்தது. நல்ல வேலைப்பாடுள்ள சேவலை, சீன-மலாய்க் கலப்பு மரபினரான பெரானாக்கான்களின் பொருள்களைச் சேகரிப்போர் விரும்பி வாங்குவார்கள். ஐந்து கிலோவுக்கு மேல் கனக்கும் தடித்த பித்தளைப் பெட்டி, அலங்காரமில்லாமல், பக்கவாட்டில் வரிசையாகக் காற்றுத் துளைகளோடு இருந்தால், அது இந்தியச் சலவைத் தொழிலாளர்களின் கருவியாக இருக்க வாய்ப்பு அதிகம். முன்பக்கம் புகைபோக்கி வளைந்து நீண்டிருந்தால் ஐரோப்பிய அல்லது அமெரிக்கத் தயாரிப்பு. மூடியில்லாமல், நீண்ட காம்பு வைத்த கிண்ணம்போல் இருப்பது சீனத்துப் பட்டுத் தேய்ப்பான். அதில் அலங்காரத்துக்காகச் செய்த புதுப் பிரதிகள் ஏராளம், ஆகவே அதைச் சந்தேகத்தோடே அணுகுங்கள்.

மூடியிலோ உடலிலோ 5, 6, 7 என்று எண் வார்க்கப்பட்டிருந்தால் அதை ஆண்டோடு முடிச்சுப் போடாதீர்கள். அது அளவைக் குறிக்கும் எண். எழுத்து இருந்தால் அதன்மேல் மெல்லிய வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாக உரசுங்கள், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் தாளில் தெரியும். கென்ரிக், சிடன்ஸ் போன்ற பெயர்கள் இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் வார்ப்பாலைகளுடையவை. தயாரிப்பாளர் பெயர் தெரிந்துவிட்டால் ஒப்பிட்டு விலை தேடுவது பாதி எளிதாகிவிடும்.

அசலா பிரதியா என்பதே அடுத்த கேள்வி, இங்கேதான் நிதானம் வேண்டும். காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கச்சுவரில் வையுங்கள். அடித்தட்டில் வைத்துப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, ஏனெனில் பித்தளைப் பெட்டிகளிலும் சிலவற்றுக்கு அடித்தட்டும் கீல் ஆணியும் உள்தட்டும் இரும்பாக இருக்கும். சுவரே காந்தத்தை இழுத்தால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. பிறகு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கரி எரிந்த பெட்டியின் உட்புறம் ஒரே சீராக இருக்காது. காற்றுத் துளைகளை ஒட்டி அரிப்பும் நிறமாற்றமும் அதிகமாக இருக்கும். கரியைத் தாங்கும் உள்தட்டு சூட்டில் நெளிந்திருக்கும், அல்லது தேய்ந்துபோய்க் காணாமலே போயிருக்கும். உள்ளே வார்ப்பு மணலின் சொரசொரப்பு புத்தம் புதிதாக இருந்து, வெளியே மட்டும் கருமை பூசினாற்போல் இருந்தால், கண்ணில் படாத இடத்தில் டர்பன்டைன் நனைத்த பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். மேலே பூசிய செயற்கை நிறமானால் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரக்கூடும்.

தேய்மானம் மனிதக் கை பட்ட இடத்தில் இருக்க வேண்டும். கைப்பிடி மரம் கட்டைவிரல் அழுந்தும் பக்கத்தில் வழவழப்பாகவும், அடிப்பக்கம் சூட்டில் கருகியும் இருக்கும். அடித்தட்டின் விளிம்புகள் மழுங்கி, நடுப்பகுதி கண்ணாடிபோல் இருக்கும். அந்தக் காலத்தில் வாழை இலைமேல் இழுத்து அடித்தட்டை வழுக்க வைத்த பழக்கமும் இந்த வட்டாரத்தில் இருந்தது. நட்சத்திரத் தலை திருகு இருந்தால் அது 1930களுக்கு முந்தைய வேலையாக இருக்க முடியாது. பின்னால் பழுதுபார்த்தபோது போட்டதாகவும் இருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை. மூட்டுகளில் வெள்ளீயப் பற்று (சால்டரிங்) தெரிகிறதா என்று பாருங்கள். சாதாரணப் பற்று 183 டிகிரி செல்சியசிலேயே இளகத் தொடங்கும், கரி போட்ட பெட்டி அதைத் தாண்டிச் சூடாகும். எனவே உழைத்த பெட்டியில் மூட்டுகள் ரிவெட் அடித்தோ, ஒரே வார்ப்பாகவோ, உயர்சூட்டுப் பற்றாகவோதான் இருக்கும். வெள்ளீயப் பற்று இருந்தால் பழுதுபார்த்த பின் அது நெருப்பைக் காணவில்லை, அல்லது தொடக்கத்திலிருந்தே காட்சிப்பொருள். சோதித்துப் பார்க்கிறேன் என்று வீட்டுக்குள் கரி மூட்ட வேண்டாம். அடைத்த அறையில் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும், பழைய வார்ப்பிரும்பும் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும்.

விலைக்கு வருவோம். இந்தப் பெட்டிக்கு மூன்று விலை உண்டு. கீழ்விலை, உலோக எடைக்கானது. சமையலறைத் தராசில் நிறுத்து, மரக்கைப்பிடிக்கும் இரும்புப் பாகங்களுக்கும் உத்தேசமாகக் கழித்து, பழைய பித்தளையின் அன்றைய விலையால் பெருக்கினால் அது கிடைக்கும். அதற்குக் கீழே எவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். நடுவிலை, உணவகத்திலோ வீட்டிலோ அலங்காரமாக வைப்பவர் தருவது. இதில் தோற்றம்தான் முக்கியம். மேல்விலை, சேகரிப்பவர் தருவது. அவருக்குப் பாகங்கள் முழுமையாக இருக்க வேண்டும், மூடியும் உடலும் பிறவிச் சோடியாக இருக்க வேண்டும், மேற்பரப்பு தீண்டப்படாமல் இருக்க வேண்டும். மூடியை மூடி விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இடைவெளி விட்டால் வேறு பெட்டியின் மூடியாக இருக்கலாம்.

இணையத்தில் தேடும்போது, கேட்கும் விலையை நம்பி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். ஈபேயில் விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போடுங்கள். விலைமேல் கோடு கிழித்திருந்தால் பேரம் பேசி அதற்குக் குறைவாகப் போயிருக்கிறது என்று பொருள். கேரோசெல் விற்பனைத் தளத்தில் விற்றாகிவிட்டது என்று காட்டும் பக்கத்திலும் தெரிவது விற்பவர் போட்ட விலைதான், கைமாறிய தொகை வேறாக இருக்கலாம். ஏலத்தில் சுத்தியல் தட்டி முடியும் விலையையும், வாங்குபவர் அதற்குமேல் கட்டும் கட்டணத்தையும் பிரித்துப் பாருங்கள். அந்தக் கட்டணம் பல இடங்களில் 20 சதவீதத்துக்கு மேல். விற்பவரிடமும் தனியாகத் தரகு பிடிப்பார்கள். ஒரே வகை, ஒரே உலோகம், ஏறத்தாழ ஒரே எடையுள்ள எட்டுப் பத்து விற்பனைகளைக் குறித்துக்கொண்டு, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்குங்கள். மீதியின் நடுவில் இருப்பதே உங்கள் தொடக்கம்.

வெளிநாட்டு விலையை அப்படியே வெள்ளியாக மாற்றிப் பார்ப்பதும் பிழை. கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எடை, உண்மை எடை இரண்டில் அதிகமானதற்கே கட்டணம் வாங்குவது வழக்கம். 30க்கு 20க்கு 25 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டிக்கு முதல் கணக்கு மூன்று கிலோதான் வரும். உள்ளே இருக்கும் ஐந்து கிலோ இஸ்திரிப்பெட்டி உண்மை எடைப்படி பணம் கேட்கும். இதனால்தான் கனமான பெட்டிகள் உள்ளூரிலேயே நல்ல விலைக்குப் போகின்றன.

சிங்கப்பூரில் விலையை உயர்த்தும் இன்னொன்று, பெட்டியின் குடும்ப வரலாறு. டோபி காட் என்ற இடப்பெயரே, இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் பிராஸ் பசா ஓடையில் துணி துவைத்த காலத்திலிருந்து வந்தது. உங்கள் பாட்டனார் சலவைக்கடை வைத்திருந்தார் என்று வாய்மொழியாகச் சொன்னால் வாங்குபவர் தலையாட்டிவிட்டுப் போவார். கடையின் ரசீதுப் புத்தகம், பெயர்ப்பலகையோடு எடுத்த புகைப்படம், கடைத்தெருவின் பெயர், யார் எந்த ஆண்டுவரை பயன்படுத்தினார் என்று வீட்டுப் பெரியவர் கையொப்பமிட்ட ஒரு பக்கக் குறிப்பு இவை இருந்தால் பேச்சே மாறும். பெரியப்பாவோ அத்தையோ இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். ஆவணங்களைப் பெட்டியிலிருந்து பிரித்து விற்காதீர்கள்.

பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்ட பிறகு, கையில் தூக்கிக்கொண்டு போய் நாலு பேரிடம் காட்டி விலை கேட்கும் வசதி குறைந்துவிட்டது. ஆகவே படம்தான் முதலில் பேசும். பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும், அடித்தட்டும், திறந்த உட்புறமும், கீலும், கொண்டியும் எடுங்கள். பக்கத்தில் அடிக்கோல் ஒன்றை வையுங்கள். விரிசல், பற்று, மாற்றிய திருகு எல்லாவற்றுக்கும் தனிப்படம் போடுங்கள், மறைத்த குறை நேரில் தெரியும்போது விலை பாதியாகும். குறைந்தது மூன்று வியாபாரிகளிடம் கேளுங்கள், முதல் ஆள் சொன்ன தொகையை இரண்டாவது ஆளிடம் சொல்லாதீர்கள். மதிப்பிடுபவரே வாங்கவும் முன்வந்தால் அவர் சொல்வது அவர் கொடுக்க நினைக்கும் விலை. அருங்காட்சியகங்கள் பொதுவாக விலை சொல்வதில்லை. விற்க மனமில்லாமல், வரலாறும் தெளிவாக இருந்தால், நன்கொடையாக ஏற்பார்களா என்று தேக்காவிலுள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் விசாரிக்கலாம்.

விலை படிந்து அனுப்பும் நாளில், மூடி ஆடாதபடி கொண்டியைப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். ஒட்டுநாடா நேராக உலோகத்தில் படக்கூடாது, பிரிக்கும்போது படலத்தையும் உரித்துக்கொண்டு வரும். உள்தட்டைத் தனியே வெளியே எடுத்து, தாளில் சுற்றி, அதே அட்டைப்பெட்டியில் வையுங்கள்.