ராணுவம் வந்தாச்சு, இனி தீ அணைஞ்சிடுமா?

"ஆர்மி வந்துட்டாங்க சார், இனிமே கவலை இல்ல." காட்டுத்தீ சமயத்தில் அடிவாரத்து டீக்கடைகளில் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வனச்சரகராகப் பல கோடைகளை மேற்குத்தொடர்ச்சி மலையில் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பச்சை உடுப்பில் லாரி நிறைய இளைஞர்கள் வந்து இறங்கும்போது, இரண்டு நாள் தூங்காத எங்கள் ஆட்களுக்கு வரும் தெம்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த "கவலை இல்ல" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கவலை வந்துவிடும்.

முதலில் ஹெலிகாப்டர் கணக்கைப் பார்ப்போம். 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் காடு எரிந்தபோது, சூலூரிலிருந்து விமானப்படையின் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் வந்தது. அடியில் கயிற்றில் தொங்கும் பெரிய வாளியில் (பாம்பி பக்கெட் என்பார்கள்) நீர்நிலையிலிருந்து தண்ணீரை மொண்டு போய்த் தீயின்மேல் கொட்டியது. பல நடைகளில் கொட்டிய தண்ணீர் சுமார் 16,000 லிட்டர். சென்னையில் அடுக்குமாடி வீடுகளுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி ஒன்றில் 12,000 லிட்டர் பிடிக்கும். ஆக, இரண்டு லாரிகூட முழுதாக நிரம்பாது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மனிதன் கால்வைக்க முடியாத செங்குத்துப் பாறையில் எரிகிற தீயை அந்த வாளி மட்டுமே எட்டும். தழல் கொஞ்சம் தணிந்தால்தான் தரையில் இருப்பவன் கிட்டே போகலாம். கிட்டே போக ஆள் இல்லையென்றால் கொட்டிய தண்ணீர் ஆவியாகிவிடும், சருகுக்கு அடியில் கனன்றுகொண்டிருப்பது மறுபடி பற்றும். புகை அடர்ந்தால், இருட்டினால் அந்த வேலையும் நின்றுவிடும்.

அதனால்தான் தரையில் வருகிற ஜவான்கள் முக்கியம். ஒரு கோடையில், பக்கத்து முகாமிலிருந்து முப்பது பேருக்கு மேல் எங்களுக்கு உதவிக்கு வந்தார்கள். நல்ல உடல்வாகு, சொன்ன சொல் தட்டாத கட்டுப்பாடு. மண்வெட்டி கொடுத்தால், எங்கள் ஆட்கள் அரை நாளில் செதுக்கும் தீத்தடுப்புக் கோட்டை (தீ தாண்டாதபடி புல்லும் சருகும் நீக்கிய வெறுந்தரை) இரண்டு மணி நேரத்தில் செதுக்கிவிட்டார்கள். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. தீயைப் பார்த்ததும் நேராக அதன் முகத்துக்கு ஓடினார்கள். எதிரி எங்கே இருக்கிறானோ அங்கே போவது அவர்கள் பயிற்சி. காட்டில் தீயின் முகத்துக்குப் போகக்கூடாது, விலாப்பக்கம் போகவேண்டும். அதுவும் ஏற்கெனவே எரிந்து கறுத்த தரையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போகவேண்டும்.

எங்களோடு இருந்த வாட்சர் (நாள்கூலிக்குக் காட்டைக் கண்காணிப்பவர்) ஒருவர், மலைக்குடியைச் சேர்ந்த பெரியவர், காற்று திரும்புவதைப் பார்த்துவிட்டு ஒரு பிடி காய்ந்த புல்லைக் கொளுத்தி, செதுக்கிய கோட்டின் உள்ஓரமாகத் தீ வைத்துக்கொண்டே நடந்தார். ஜவான்களோடு வந்த ஹவில்தார் பதறிவிட்டார். "என்ன சார் இது, நாம அணைக்க வந்தா இவரு பத்த வைக்கிறாரு?"

பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது சோறு தேடி வருது சாமி. வர்றதுக்குள்ள சோத்தை எடுத்துடணும்."

எதிர்த்தீ வைப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை. (நீங்களோ நானோ செய்து பார்க்கிற காரியம் இல்லை இது. காற்றைத் தப்பாகக் கணித்தால் இரண்டு தீக்கும் நடுவே மாட்டிக்கொள்வோம்.) அன்றைக்கு மதியத்திலிருந்து ஜவான்களைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்தோம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வாட்சர் முன்னால் நின்றார். ஹவில்தாரே முந்திக்கொண்டு, "அந்த அண்ணன் சொல்றதுதான் இங்க ஆர்டர்" என்று தன் ஆட்களிடம் சொன்னார். நாள்கூலிக்கு வரும் ஒருவர் சொல்வதைச் சீருடைக்காரர்கள் கேட்டு நடந்த அந்த இரண்டு நாள்களில் ஒருவருக்கும் காயமில்லை.

அமெரிக்காவிலும் இப்படித்தான். 2015 ஆகஸ்டில் மேற்கு மாநிலங்கள் எரிந்தபோது 200 ராணுவ வீரர்களைத் தீயணைப்புக்கு அனுப்பினார்கள். இருபது இருபது பேராகப் பத்துக் குழுக்கள். அதற்கு முன் சில நாள் பயிற்சி. களத்தில் அவர்களை வழிநடத்தியவர்கள் அனுபவப்பட்ட காட்டுத்தீ வீரர்கள். அவ்வளவு வசதி உள்ள நாடே சிப்பாயைத் தனியாகத் தீக்குள் அனுப்புவதில்லை.

தேனி மாவட்டத்துக் குரங்கணித் தீயை நாம் மறக்க முடியாது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, அந்தப் படையின் கருட் கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே தீ செய்யவேண்டியதைச் செய்து முடித்திருந்தது. மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் அங்கேயும் பின்னர் மருத்துவமனைகளிலும் இறந்தார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் அந்த ஊர்க்காரர்களும் உண்டு. டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். காய்ந்த புல்வெளியில், சரிவில், காற்றோடு ஏறும் தீக்கு நிமிடங்கள் போதும். சரிவு 10 டிகிரி கூடினால் தீ ஏறும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது எங்கள் தொழிலில் வாய்ப்பாடு மாதிரி. சூலூரிலிருந்து எவ்வளவு விரைவாகக் கிளம்பினாலும் அந்த நிமிடங்களைப் பிடிக்க முடியாது.

ஆகவே மலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: தீயைக் கண்டால் மேல்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் நகருங்கள். பாறை, ஓடை மணல், எரிந்து முடிந்த கறுப்புத் தரை, இவைதான் தப்பிக்கும் இடங்கள். நைலான், பாலியஸ்டர் உடை உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி உடுத்துங்கள். பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றப் பாதைகளை மூடுவது உங்கள் விடுமுறையைக் கெடுப்பதற்காக அல்ல. தீயை அணைக்கும் வேலை நடக்கும்போது அடிவாரச் சாலையில் வண்டியை நிறுத்தி ஹெலிகாப்டரை வீடியோ எடுக்காதீர்கள். எங்கள் ஜீப் அந்தச் சாலையில்தான் போகவேண்டும்.

இன்னொன்று. ராணுவத்தை வரவேற்று மாலை போடுகிற நாம், ஜனவரியில் வெயிலில் நின்று தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவரை யாரென்றே கேட்பதில்லை. சில மீட்டர் அகலத்துக்குப் புல்லும் சருகும் இல்லாத வெறுந்தரைதான் அந்தக் கோடு. நல்ல கோடு இருக்கிற சரகத்தில் தீ பெரும்பாலும் அங்கேயே பசியில் செத்துவிடும், செய்திக்கும் வராது. கோட்டுக்கு நிதி தாமதமாகும் வருஷங்களில்தான் வாளியைத் தேடும் நிலை வருகிறது. இந்த இடத்தில் எனக்குக் கோபம் உண்டு.

ஜவான்கள் வந்த அந்தத் தீக்கே திரும்புகிறேன். மூன்றாம் நாள் காலை அவர்கள் லாரி ஏறினார்கள். பத்திரிகைக்காரர்களும் போய்விட்டார்கள். தீ அணைந்தது என்று செய்தி வந்தது. நான்காம் நாள் மாலை, கோட்டுக்கு வெளியே காடு பச்சையாக இருந்த பக்கத்தில், ஓர் அடிமரத்திலிருந்து ஊதுபத்தி அளவுக்குப் புகை. பெரியவர் புறங்கையைச் சாம்பல்மேல் வைத்துத் தடவிக்கொண்டே போய், "வேரு உள்ள ஓடுது சாமி" என்றார். நாங்கள் ஐந்து பேர், இரண்டு பிளாஸ்டிக் குடம், அரைக் கிலோமீட்டர் கீழே ஓடை. வேரைத் தோண்டித் தோண்டி ஊற்றி முடிக்க இரவு ஒன்பதாகிவிட்டது.