ஆளும் இல்லை, அனுபவமும் இல்லை: கப்பலில் முதல் ஜாயினிங் கிடைக்காமல் நிற்பவர்களுக்கு

கப்பலில் கடைநிலை மாலுமியாகச் சேர்வதற்கான ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் படிப்பு முடிந்துவிட்டது. மாலுமிக்கான அடையாளப் புத்தகமான சி.டி.சி. கையில் இருக்கிறது, அரசு தரும் மாலுமிப் பதிவு எண்ணான இன்டாஸ் இருக்கிறது, அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிக்கான ஐந்து எஸ்.டி.சி.டபிள்யூ. சான்றிதழ்களும் லேமினேட் ஆகிவிட்டன. ஆனால் கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்பும் எந்த மேனிங் கம்பெனிக்குப் போனாலும் "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்ற ஒரே கேள்விதான். ஒரு வருடம், ஒன்றரை வருடம் இப்படியே கழிகிறது. அப்போதுதான் ஊரில் யாராவது வந்து, "நமக்குத் தெரிஞ்ச ஆள் பம்பாயில இருக்கார், மூணு லட்சம் ஆகும், பையனை அடுத்த மாசமே ஏத்திவிட்ருவார்" என்கிறார். வீட்டில் நகை அடகுக்குப் போகிறது. பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

முதலில் இடம் ஏன் கிடைப்பதில்லை என்று பார்ப்போம். ஒரு சரக்குக் கப்பலில் இருபது, இருபத்திரண்டு பேர்தான் வேலை செய்கிறார்கள். எந்தெந்தப் பதவியில் எத்தனை பேர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதைக் கப்பலின் கொடி நாடு, அதாவது அது பதிவாகியிருக்கும் நாடு, ஒரு சான்றிதழில் எழுதிக் கொடுத்துவிடும். அந்தக் கணக்கில் டிரெய்னியும் (பயிற்சி மாலுமி) கேடட்டும் (பயிற்சி அதிகாரி) வருவதில்லை. ஆனால் அவர்களுக்கும் படுக்கை வேண்டும், லைஃப்போட்டில் ஒரு இருக்கை வேண்டும், விமான டிக்கெட், சாப்பாடு, காப்பீடு எல்லாம் வேண்டும். முதலாளிக்கு இது செலவுக் கணக்கு. ஆகவே ஒரு கப்பலுக்கு இரண்டு, மூன்று புதியவர்களுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். அந்த இடங்களையும் தாங்கள் ஒப்பந்தம் வைத்திருக்கும் பயிற்சி நிலையங்களின் மாணவர்களைக் கொண்டே நிரப்பிவிடுகிறார்கள். வெளியே நிற்பவருக்கு மிஞ்சுவது மிகக் குறைவு.

சிபாரிசு இந்தத் தொழிலில் இல்லவே இல்லை என்று சொன்னால் அது பொய். டெக் மாலுமிகளின் தலைவரான போசன் தன் அக்கா மகனைப் பற்றிச் சொல்வார், சீஃப் இன்ஜினியர் தன் ஊர்ப் பையனுக்காகப் பேசுவார், கம்பெனியும் கேட்கும். அந்தப் பையன் கப்பலில் சரியில்லை என்றால் பேர் கெடுவது சொன்னவருக்குத்தான் என்பதால் அந்த வார்த்தைக்கு மதிப்பு உண்டு. அப்படிச் சொல்பவர் காசு கேட்பதில்லை. காசு கேட்பவருக்குக் கம்பெனியில் இழக்க எதுவும் கிடையாது. "காண்டாக்ட்" என்று வருபவரில் யார் எந்த வகை என்று பிரித்தறிய இதைவிட எளிய வழி எங்களுக்குத் தெரியவில்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்டது. வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்பது அதன் விதி. மருத்துவச் சான்று, சி.டி.சி., பாஸ்போர்ட் ஆகிய மூன்றின் செலவு மட்டும் மாலுமியுடையதாக இருக்கலாம். விசா செலவு கப்பல் முதலாளியுடையது. "சர்வீஸ் சார்ஜ்", "டாக்குமென்டேஷன்", "டிரெய்னிங் பேக்கேஜ்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது சட்டவிரோதப் பணம்தான்.

படிப்பில் சேரும் முன்பே பாதி தீர்மானமாகிவிடுகிறது

வேலை தேடும்போது படும் பாட்டில் பாதி, சேரும் நாளில் கேட்காமல் விட்ட கேள்விகளால் வருவது. பயிற்சி நிலையம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின், அதாவது டி.ஜி. ஷிப்பிங்கின், அங்கீகாரப் பட்டியலில் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்காக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிலையத்துக்கு ஒரு படிப்புக்கு அங்கீகாரம் இருந்து இன்னொன்றுக்கு இல்லாமலும் இருக்கலாம். பிறகு வேலைவாய்ப்பு பற்றி எழுத்தில் கேளுங்கள். "நூறு சதவீத பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்" என்றால் உங்கள் பயோடேட்டாவை நாலு இடத்துக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். எந்தக் கம்பெனி, எத்தனை இடம் என்று அந்தக் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் கடிதம் இருந்தால் மட்டுமே அதை உறுதி என்று எடுத்துக்கொள்ளலாம். கடைசி இரண்டு பேட்ச் மாணவர்கள் எந்தக் கப்பலில் ஏறினார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அவர்களில் இருவரிடமாவது நேரில் பேசுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் புகைப்படங்களை நம்ப வேண்டாம்.

டெக் அதிகாரியாகப் போக டி.என்.எஸ். எனப்படும் டிப்ளமோ படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதிவிட்டால் மட்டும் போதாது. பயிற்சிக்குத் தன் கப்பலில் இடம் தருவதாக ஒரு கம்பெனி தரும் ஸ்பான்சர்ஷிப்பும் வேண்டும். ஒரு வருடப் படிப்புக்குப் பின் பதினெட்டு மாதம் கப்பலில் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. இந்த ஸ்பான்சர்ஷிப் கடிதத்தையே விலைக்கு விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள். கடிதத்தில் உள்ள கம்பெனியின் தேர்வையும் நேர்காணலையும் நீங்கள் நேரில் எழுதாமல், பேசாமல் கடிதம் மட்டும் வந்தால், அதன் பின்னால் கப்பல் இருக்காது.

இன்னொரு குழப்பம் சி.டி.சி. பற்றியது. 2017இல் விதிகள் தளர்ந்த பின், பத்தாம் வகுப்பும் அடிப்படைப் பாதுகாப்புப் படிப்புகளும் முடித்தவர் சி.டி.சி. எடுக்கலாம் என்றாகிவிட்டது. "சி.டி.சி. போட்டுத் தருகிறோம், கப்பலுக்குப் போகலாம்" என்று விளம்பரம் செய்பவர்கள் இதைத்தான் விற்கிறார்கள். சி.டி.சி. ஒரு அடையாளப் புத்தகம், அவ்வளவே. இரண்டு வாரப் படிப்பும் கப்பல் ஏறும் முன் எடுக்கும் ஆறு மாத ப்ரீ-சீ பயிற்சியும் கம்பெனிகளின் பார்வையில் ஒன்றல்ல.

கட்டணம் கட்டும் முன் டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவரிடம் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறக்குருடு இருப்பது இருபது வயது வரை தெரியாமலேயே பலர் இருக்கிறார்கள். சிவப்பு, பச்சை விளக்கைப் பிரித்தறிய முடியாதவர் கப்பலில் வாட்ச் (கண்காணிப்புப் பணி) நிற்க முடியாது. படித்து முடித்த பின் இது தெரியவந்தால் போன பணம் திரும்பாது.

மூன்று எண்கள்

வேலை என்று ஒருவர் வந்து நின்றால் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, ஆள் எடுக்கும் கம்பெனியின் உரிம எண்ணான ஆர்.பி.எஸ்.எல். எண். இந்தியாவில் மாலுமிகளைக் கப்பலுக்கு அனுப்ப இந்த உரிமம் கட்டாயம். டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா, தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கிறதா, முகவரி எது, தொலைபேசி எது என்று பாருங்கள். மோசடிக்காரர் சொல்லும் எண் பெரும்பாலும் உண்மையான எண்ணாகவே இருக்கும். ஆனால் அது வேறொரு நல்ல கம்பெனியுடையது. லோகோவையும் அங்கிருந்தே எடுத்து, ஜிமெயில் முகவரியில் ஜாயினிங் லெட்டர் அனுப்புவார். எனவே கடிதத்தில் உள்ள கைபேசி எண்ணை விட்டுவிட்டு, பட்டியலில் உள்ள அலுவலக எண்ணைக் கூப்பிட்டு, "இந்தப் பெயரில், இந்தக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை இது.

இரண்டாவது, கப்பலின் அடையாள எண்ணான ஐ.எம்.ஓ. எண். ஏழு இலக்கம். கப்பலின் பெயரும் கொடியும் மாறினாலும் இந்த எண் மாறாது. உண்மையான எண்ணா என்று கையாலேயே சோதிக்கலாம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால், வரும் தொகையின் கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கம். 9074729 என்ற எண்ணில் 63, 0, 35, 16, 21, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 139 வருகிறது. கடைசி இலக்கம் 9, பொருந்துகிறது. அவசரத்தில் புனைந்த எண் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

எண் சரி என்றால் கப்பல்களின் விவரம் தரும் எக்குவாசிஸ் (Equasis) தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கித் தேடுங்கள். கட்டிய வருடம், கொடி, முதலாளி, மொத்த டன்னேஜ் (கப்பலின் அளவு), கிளாஸ் சொசைட்டி (கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு), துறைமுகங்களில் தடுத்து வைக்கப்பட்ட வரலாறு எல்லாம் வரும். முப்பது வயதைத் தாண்டிய கப்பல், இரண்டு வருடத்தில் மூன்று முறை கொடி மாற்றியது, பி அண்ட் ஐ காப்பீடு (முதலாளியின் பொறுப்புகளுக்கான காப்பீடு) பற்றிய தகவலே இல்லை என்றால் ஏற வேண்டாம். சம்பளமும் சாப்பாடும் இல்லாமல் மாலுமிகளை நடுக்கடலில் விட்டுவிட்டு முதலாளி காணாமல் போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கப்பல்களில்தான். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கணக்குப்படி 2024இல் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் இப்படிக் கைவிடப்பட்டார்கள். வேறெந்த நாட்டவரையும்விட அவர்களில் இந்தியர்களே அதிகம்.

டன்னேஜைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெக் அதிகாரிச் சான்றிதழுக்கான சீ டைம் (கப்பலில் பணிபுரிந்த காலம்) 500 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலில் எடுத்ததாக இருக்க வேண்டும். இன்ஜின் பக்கம் என்றால் கப்பலின் இன்ஜினுக்கு 750 கிலோவாட் சக்தியாவது இருக்க வேண்டும். "முதல்ல எதிலயாவது ஏறிட்டா போதும்" என்று சிறிய படகிலோ பார்ஜிலோ ஒரு வருடம் போய்விட்டு வந்த கேடட், தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு வருடம் செல்லாது என்று அறிகிறார். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், போன வயதை எங்கே போய் வாங்குவது?

மூன்றாவது எண் உங்களுடையதே, இன்டாஸ். உரிமம் பெற்ற கம்பெனி வழியாக ஏறினால் சைன் ஆன், சைன் ஆஃப் (ஏறியது, இறங்கியது) விவரம் உங்கள் இன்டாஸ் கணக்கில் பதிவாகும். ஏறிய சில நாட்களில் வீட்டிலிருந்து யாராவது உள்ளே போய்ப் பார்க்கட்டும். சி.டி.சி.யில் முத்திரை இருந்து, கணக்கில் பதிவு இல்லாவிட்டால் கம்பெனியை உடனே கேளுங்கள். இறங்கி வந்த பின் சரிசெய்வது பெரும்பாடு.

பணம் கொடுத்தவர்கள் போகும் வழி

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்திருந்தால் நடுவிலாவது நிறுத்திக்கொள்ளலாம். முதலில் ஐம்பதாயிரம் போல முன்பணம். அதோடு அசல் பாஸ்போர்ட், சி.டி.சி. இரண்டையும் வாங்கிக்கொள்வார்கள். "கப்பல் தள்ளிப்போகுது" என்று இரண்டு மூன்று மாதம் ஓடும். திருப்பிக் கேட்டால், மீதிப் பணம் கட்டினால்தான் புத்தகம் கிடைக்கும் என்பார்கள். பிறகு திடீரென நாளைக்கே ஃப்ளைட் என்று அழைப்பு வரும். யோசிக்க நேரம் கொடுக்காமலிருப்பதே நோக்கம். துபாய்க்கோ ஈரானுக்கோ விசிட் விசா. அங்கே ஒரு அறையில் பத்துப் பேரோடு காத்திருப்பு. பிறகு படகில் கொண்டுபோய் ஒரு சிறிய எண்ணெய்க் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். சொன்ன சம்பளத்தில் பாதிகூட இருக்காது. அந்தக் கப்பல் கடத்தல் டீசல் ஏற்றியதாகப் பிடிபட்டால், சரக்கு யாருடையது என்றே தெரியாத பையனும் சிறைக்குப் போகிறான்.

முறையாக ஏறுபவர் கையில் இருப்பவை வேறு. இரு தரப்பும் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம், அதில் பதவி, சம்பளம், ஒப்பந்தக் காலம், ஊர் திரும்பும் செலவு யாருடையது என்ற விவரம். ஏறும் துறைமுகத்தின் ஏஜென்ட் தரும் கடிதம். தேவைப்படும் இடத்தில் மாலுமிக்கான விசா. ஒப்பந்தத்தைப் புறப்படும் முன் படித்துப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. "ஏர்போர்ட்ல வந்து கையெழுத்துப் போடு" என்றால் வீடு திரும்பிவிடுங்கள். அசல் ஆவணங்களை விசாவுக்காக வாங்கும் நல்ல கம்பெனியும் உண்டு. அது ரசீது கொடுத்து வாங்கும்.

பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், வங்கிப் பரிமாற்ற விவரத்தை எடுத்து வையுங்கள். வாங்கியவர் உரிமம் பெற்ற கம்பெனி என்றால் டி.ஜி. ஷிப்பிங்கிடம் புகார் கொடுங்கள். உரிமம் பறிபோகும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. உரிமமே இல்லாத ஆள் என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்; இணையம் வழியாக அனுப்பிய பணம் என்றால் அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

காத்திருக்கும் காலத்தில்

கம்பெனிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது தலைப்பிலேயே விண்ணப்பிக்கும் பதவி, இன்டாஸ் எண், எந்தத் தேதி முதல் தயார் என்று எழுதுங்கள். ஒரு பக்க பயோடேட்டா, எல்லா ஆவணங்களும் ஒரே பி.டி.எஃப்.பில். எந்தக் கம்பெனி, எந்தத் தேதி, யார் பேசினார் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் அனுப்புங்கள். சொந்தக் கப்பல் வைத்து இந்தியாவில் டன்னேஜ் வரி (கப்பலின் அளவை வைத்துக் கணக்கிடும் வரி) கட்டும் கம்பெனிகளுக்குப் புதியவர்களைப் பயிற்றுவிக்கும் கட்டாயம் உண்டு. கேடட்டாகப் போக நினைப்பவர்கள் அவற்றிலிருந்து தொடங்கலாம். தெரிந்த படிப்பையெல்லாம் காசு கட்டிப் படித்துக்கொண்டே போக வேண்டாம். கம்பெனி கேட்டால் டேங்கர் படிப்பு, கேட்காவிட்டால் வேண்டாம்.

மருத்துவச் சான்று இரண்டு வருடம்தான் செல்லும், பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு ஒரே வருடம். உயிர்காப்பு, தீயணைப்புப் பயிற்சிகளை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். திடீர் அழைப்பு வரும்போது இவற்றில் ஒன்று காலாவதியாகி இருந்ததால் இடம் அடுத்தவருக்குப் போன கதை அடிக்கடி நடக்கிறது.

நேர்காணலில் நம் பிள்ளைகள் தடுக்குவது தொழிலில் அல்ல, ஆங்கிலத்தில் வாய் திறப்பதில். இதற்குப் பயிற்சி உண்டு. சுக்கானைத் திருப்பச் சொல்லும் ஹெல்ம் ஆர்டர்களை வீட்டில் ஒருவர் சொல்ல, நீங்கள் உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள். "ஸ்டார்போர்டு டென்" என்றால் அதையே திருப்பிச் சொல்லி, சுக்கான் பத்து டிகிரி வலது வந்ததும் மறுபடி அறிவிக்க வேண்டும். "மிட்ஷிப்ஸ்" என்றால் சுக்கான் பூஜ்யத்துக்கு. போலைன், க்ளோவ் ஹிட்ச், ஷீட் பெண்ட் என்ற மூன்று முடிச்சுகளையும் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகுங்கள். கயிறைக் கையில் கொடுத்துப் போடச் சொல்வார்கள். தவறாமல் வரும் கேள்வி ஒன்று: டேங்குக்குள் ஒருவர் மயங்கிக் கிடந்தால் என்ன செய்வாய்? "உடனே இறங்கித் தூக்குவேன்" என்று சொன்னவர் அங்கேயே தேறாமல் போகிறார். அலாரம் கொடுக்க வேண்டும், மூச்சுக் கருவி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. மூடிய இடங்களில் இறந்தவர்களில் பலர் காப்பாற்றப் போனவர்கள்தான். இன்ஜின் பக்கம் போக நினைப்பவர் இந்த மாதங்களில் ஊர் லேத் பட்டறையில் வேலை பார்க்கலாம். வெல்டிங் தெரிந்த கைக்கு எந்தக் கப்பலிலும் மரியாதை உண்டு.

அழைப்பு வந்து புறப்படும் நாளில் கப்பலின் பெயர், ஐ.எம்.ஓ. எண், கம்பெனியின் ஆர்.பி.எஸ்.எல். எண், துறைமுக ஏஜென்டின் தொலைபேசி, ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றை அம்மாவிடமோ அண்ணனிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள். கப்பலில் சிக்கல் என்றால் போன் செய்யக்கூட உங்களால் முடியாமல் போகலாம். அப்போது தூதரகத்துக்கும் டி.ஜி. ஷிப்பிங்குக்கும் மாலுமிகள் சங்கத்துக்கும் எழுதப்போவது அவர்கள்தான். எழுதுகிற மனுவில் முதலில் கேட்கப்படுவது அந்த ஏழு இலக்க எண்.