எரிபொருள் தீர்ந்ததா, வரத்து நின்றதா?

சிறிய விமானம் ஒன்று வயலில் இறங்கினால், 'எரிபொருள் தீர்ந்து அவசரத் தரையிறக்கம்' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். விமானிகளிடம் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு: ஃபியூயல் எக்ஸாஸ்ஷன், ஃபியூயல் ஸ்டார்வேஷன்.

முதற்சொல்லின் வேர் லத்தீன். 'ஹவுரீரே' என்றால் நீர் இறைப்பது. முன்னே 'எக்ஸ்' சேர்ந்தால் இறைத்துக் காலி செய்வது. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் இதே வேர்தான். 'ஸ்டார்வ்' பழைய ஆங்கிலத்தில் வெறுமனே சாவதைக் குறித்தது. பசியால் சாவது என்று பிற்பாடு சுருங்கியது.

வேறுபாடு பைப்பர் செரோக்கி என்ற சிறு விமானத்தில் பளிச்சென்று தெரியும். எந்தத் தொட்டியிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் அதன் எரிபொருள் திருகில் இடது, வலது, மூடு என்பவைதான் உண்டு. இரண்டு தொட்டியிலிருந்தும் சேர்த்து எடுக்கும் நிலை கிடையாது. விமானி இடது தொட்டியிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார். எஞ்சின் இருமி அடங்குகிறது. வலது தொட்டியோ நிறைந்திருக்கிறது! பம்பைப் போட்டுத் திருகை மாற்றினால் பெரும்பாலும் எஞ்சின் உயிர்பெறும். இது ஸ்டார்வேஷன். மாற்றிக்கொள்ள எரிபொருளுள்ள தொட்டியே இல்லையென்றால் எக்ஸாஸ்ஷன். அப்போதும் தொட்டி காய்ந்துவிடாது: செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானம் பிடிக்கும் 212 லிட்டரில் சுமார் 11 லிட்டர் பயன்படுத்த முடியாத அளவாகவே கணக்கிடப்படும்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'எரிபொருள் தீர்வு' ஆகாது. ஏதோ பிரச்சினைக்கு விடை போல ஒலிக்கிறது. 'எரிபொருள் பட்டினி' நேர்பெயர்ப்பு, ஆனால் தொட்டி நிறைந்திருக்கப் பட்டினி என்றால் படிப்பவர் குழம்புவார். அணைச் செய்திகளில் நாம் தினமும் படிக்கும் இரண்டு சொற்களே போதும்: இருப்பு, வரத்து. எக்ஸாஸ்ஷன் என்றால் எரிபொருள் இருப்புத் தீர்தல்; ஸ்டார்வேஷன் என்றால் எரிபொருள் வரத்து நிற்றல். அடைப்பு, தண்ணீர் கலப்பு, தவறான தொட்டி எல்லாம் இரண்டாவதில் அடங்கும்.

அடுத்து ஃபோர்ஸ்டு லேண்டிங். 'கட்டாயத் தரையிறக்கம்' என்றால் போர் விமானங்கள் மிரட்டி இறக்கியதுபோல் இருக்கிறது. 'அவசரத் தரையிறக்க'மோ, எஞ்சின் நன்றாக ஓடும்போதே நோயாளிக்காக இறங்குவதையும் சேர்த்துக்கொள்ளும். இங்கே எஞ்சின் ஓடவில்லை. செஸ்னா 172 காற்றில்லாத நாளில் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் சறுக்கும், அந்த வட்டத்துக்குள் கிடைத்த இடத்தில் இறங்கியாக வேண்டும். கலைச்சொல்லாகவே வேண்டுமென்றால் 'வழியற்ற தரையிறக்கம்' என்பேன். செய்திக்கு அதுவும் வேண்டாம்: 'எஞ்சின் நின்றுபோய் வயலில் இறங்கியது' என்று எழுதினாலே விளங்கிவிடும்.