பெட்டி கைமாறினால் பிரேக் பிடிக்குமா?

தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விட்ட மீட்டர் கேஜ் காலத்து மதுரை ஜங்ஷனில் என்ஜின் பக்கமாக நின்றவர்களுக்கு அந்த 'உஸ்ஸ்' சத்தம் ஞாபகம் இருக்கும். வண்டி மூச்சு விடுகிறது என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். உண்மையில் அது காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

அதுதான் வேக்குவம் பிரேக். ஓடும்போது, எல்லாப் பெட்டிகளையும் இணைக்கும் குழாயிலிருந்து என்ஜின் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டிரைவர் குழாயைத் திறந்தால் வெளிக்காற்று பாய்ந்து பிஸ்டனை மேலே தள்ளும். பிரேக் கட்டைகள் சக்கரத்தைக் கவ்வும். அபாயச் சங்கிலியை இழுத்தாலும் இதே கதைதான். நடுவழியில் பெட்டி கழன்றாலோ, குழாய் பிய்ந்து வண்டி தானே நின்றுவிடும்.

1875இல் மதுரைக்கு ரயில் கொண்டுவந்த தென்னிந்திய ரயில்வே, 1951 ஏப்ரல் 14 அன்று வேறு இரண்டு ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. இரும்புச் சட்டத்தின் மேல் மரக்கூடு வைத்த பழைய பெட்டிகளும் கூடவே வந்தன. பெயரை அழித்து எழுத ஒரு டப்பா பெயின்ட் போதும். ஆனால் இன்னொருவர் பெட்டியோடு சேர்ந்து ஓட, சக்கர இடைவெளி, கொக்கி, பிரேக் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சொத்து கைமாறுவது வேறு, சம்பந்தம் பொருந்துவது வேறு.

மரக்கூட்டின் ஆபத்து மோதலில்தான் தெரியும். பாரத்தையும் அடியையும் தாங்குவது அடிச்சட்டம் மட்டுமே. ஒரு பெட்டியின் சட்டம் அடுத்த பெட்டியின் கூட்டைக் கிழித்துக்கொண்டு நுழைந்துவிடும். 1955இல் சென்னைப் பெரம்பூரில் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., கூடு முழுவதும் பாரம் தாங்கும் எஃகுப் பெட்டிகளைச் செய்தது.

பிரேக்குக்கு வேறு ஒரு வரம்பு. வெளிக்காற்றின் அழுத்தமே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோதான். வேக்குவம் அதற்கு மேல் தள்ள முடியாது. அழுத்திய காற்றில் இயங்கும் ஏர் பிரேக்கின் குழாயில் ஐந்து கிலோ. நீளமான வண்டிக்கு எது தோது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா!

அப்புறம் அகலப்பாதை வந்தது. தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 ஆனது. சக்கரத்தை மாற்றிவிடலாமே என்றால், ஒல்லியான பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே ஆள் விழுகிற சந்து மிஞ்சும். 2010 கடைசியில் மதுரை–போடி மீட்டர் கேஜ் வண்டியும் நின்றது. இந்த முறை அகலப்பாதை என்ற வாரிசு இருந்தும், அந்தப் பெட்டிகளை அதன் தண்டவாளத்தில் ஏற்ற வழியில்லை.